பழைய கணப்படுப்பு: விறகு தீர்கிறது, அறை சூடாவதில்லை

கேள்வி (உதகைவாசி):
ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட வீடொன்றில் குடியிருக்கிறோம். முன்னறைக் கணப்படுப்பின் வாய் 3 அடி அகலம், உட்குழிவு 2 அடி ஆழம். பக்கச் சுவர்கள் நேராக நிற்கின்றன. மாலை 6 மணிக்குப் பற்றவைத்தால் இரவு 10 மணிக்குள் ஒரு பெரிய கூடை கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகு தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் எதிரே அமரும் என் தாயாருக்கு முகம் மட்டும் காய்கிறது. முதுகு சில்லிட்டே இருக்கிறது. நெருப்பு எரியும் நேரத்தில் பின்கட்டுப் படுக்கையறை முன்பைவிடக் குளிர்வதையும் கவனித்திருக்கிறேன். எண்பதை நெருங்கும் அவர் இன்னொரு சனவரி உறைபனியை இப்படிக் கழிக்க நான் விடக் கூடாது. அடுப்பை இடிக்காமல் வழி உண்டா?

பதில் 1 (கோத்தகிரி, கட்டடப் பொறியாளர்):
படுக்கையறை குளிர்வதற்கான காரணத்திலேயே உங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது. திறந்த கணப்படுப்பு, எரிவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு காற்றை அறையிலிருந்து உறிஞ்சிப் புகைபோக்கி வழியே வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப, கதவிடுக்குகள் வழியே வெளிக்குளிர் வீட்டுக்குள் நுழைகிறது. விறகின் வெப்பத்தில் 10 முதல் 20 சதவீதம்தான் நமக்கு மிஞ்சும், அதுவும் பெரும்பாலும் நெருப்பிலிருந்து நேராக வீசும் கதிர்வெப்பம். ஆழமான குழியில் அந்தக் கதிர்கள் பக்கச் சுவர்களிலேயே முட்டி வீணாகின்றன.

வெப்பத்தை ஆராய்ந்த அறிவியலாளர் கவுண்ட் ரம்ஃபோர்டு 1796இல் எழுதிவைத்த அளவுகள் இதற்கு இன்றும் பொருந்தும். உங்கள் 3 அடி வாய்க்கு ஆழம் 1 அடி, பின்சுவர் அகலம் 1 அடி போதும். பக்கச் சுவர்கள் 45 பாகை சாய்வில் அறையை நோக்கி விரிய வேண்டும். புகை ஏறும் தொண்டை 4 அங்குல ஆழத்துக்குக் குறுகியிருக்க வேண்டும். கொத்தனாரை அழைக்கும் முன், கலவை பூசாமல் செங்கற்களை வெறுமனே அடுக்கி, நெருப்பைச் சிறிதாக மூட்டிப் பாருங்கள். புகை அறைக்குள் திரும்பினால் கற்களை நகர்த்திக்கொள்ளலாம். நிலையாகக் கட்டும்போது சாதாரணச் செங்கல் வேண்டாம், கடுஞ்சூட்டைத் தாங்கும் தீச்செங்கல்லே வேண்டும்.

பதில் 2 (குன்னூர்க்காரர்):
அளவுகளை ஏற்கிறேன், ஆனால் நான் முதலில் விறகைத்தான் பார்ப்பேன். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். நெருப்பின் சூடு அதை ஆவியாக்கவே செலவாகிறது. எரியும்போது கட்டையின் முனையில் நுரை கொப்பளித்துச் சீறினால் அது இன்னும் பச்சை. கற்பூர மரம் காய்ந்தபின் கோடரிக்கு மசியாது என்பதால் ஈரத்திலேயே பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள இடத்தில் ஓராண்டாவது அடுக்கி வையுங்கள். நன்கு காய்ந்த இரு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். சீகை (வாட்டில்) மர விறகு கிடைத்தால் இன்னும் நல்லது.

பதில் 3 (கொடைக்கானல்):
தங்கள் தாயார் உறங்கும் வீடு என்பதால் இதை எழுதாமல் இருக்க இயலவில்லை. சூடு போகிறதே என்று கங்கு முற்றிலும் அணையும் முன் புகைபோக்கியை அடைக்கும் தகட்டை ஒருபோதும் மூடாதீர்கள். கங்கிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள். ஈரவிறகு எரித்த புகைபோக்கியில் தார் படிந்திருக்கும், அது தீப்பற்றக்கூடியது. எனவே செங்கல் வேலைக்கு முன்பே அதைத் துப்புரவு செய்யுங்கள். செலவு செய்ய இயலுமானால், குழிக்குள் பொருத்தும் கண்ணாடிக் கதவுள்ள மூடிய இரும்படுப்பு வெப்பத்தில் 70 சதவீதம்வரை தரும். அதற்கு ஈடாக வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

உதகைவாசி:
மூவருக்கும் நன்றி. புகைபோக்கியைத் துடைத்தபோது ஒரு பழைய பறவைக் கூடும் இரண்டு வாளிக் கரியும் விழுந்தன. நேற்று செங்கற்களை அடுக்கி, காய்ந்த சீகைக் கட்டைகளை மட்டும் எரித்தேன். படுக்கையறைக் கதவைச் சாத்தி, அடுப்பருகே உள்ள சன்னலை ஓர் அங்குலம் திறந்து வைத்து, கதவிடுக்கில் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். முன்பு அடுப்பை நோக்கிப் படுத்து ஓடிய புகை இப்போது ஏறத்தாழ நேராக எழுந்தது. தொண்டையின் இடப்புறம் மட்டும் சிறிது புகை திரும்புகிறது, அந்தக் கல்லை இன்று அரை அங்குலம் பின்னுக்குத் தள்ளப் போகிறேன். அம்மா நேற்று நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்துப் போடச் சொன்னார்.