சுரங்க மெட்ரோ நிலையத்திலிருந்து 12 மீட்டரில் பழைய வீடு: தோண்டுமுன் என்ன செய்து வைப்பது?

உறைக்கிணறு (கேள்வி):
சென்னையில் மணலும் களியும் மாறி மாறி வரும் பகுதி. 1970களில் கட்டிய தரைத்தளம் + ஒரு மாடி. தூண், பீம் கிடையாது, 9 அங்குலச் செங்கல் சுவர்தான் பாரம் தாங்குகிறது. அஸ்திவாரம் நாலரை அடி. பின்பக்கம் உறைக்கிணறு, பக்கவாட்டில் புழக்கத்தில் இல்லாத பழைய போர்வெல். நிலையத்தின் வெளிச்சுவர் வீட்டிலிருந்து 12 மீட்டரில் வருகிறது, ஆழம் சுமார் 18 மீட்டர். டி-வால் (தோண்டுமுன் நிலையத்தைச் சுற்றி மண்ணுக்குள் போடும் கான்கிரீட் சுவர்) இயந்திரம் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. எந்தக் கட்டத்தில் ஆபத்து அதிகம்? எந்த விரிசலுக்குப் பதற வேண்டும்? இப்போதே எதைச் செய்து வைக்கலாம்?

மண்பரிசோதகர்:
12 மீட்டர் என்பது தோண்டும் ஆழத்துக்குள்ளேயே அடங்கும் தூரம், அதனால் வீடு பாதிப்பு வட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஷெனாய் நகரில் நிலையம் திரு.வி.க. பூங்காவுக்கு அடியில் போனதால் தோண்டிய விளிம்புக்கும் வீடுகளுக்கும் நடுவே இடம் கிடைத்தது. தெருவுக்கு அடியில் கட்டும்போது அந்த வசதி இல்லை.

முதலில் டி-வால். 800 மி.மீ. அல்லது 1 மீட்டர் அகலப் பள்ளத்தை ஐந்தாறு மீட்டர் நீளத் துண்டுகளாகத் தோண்டி, பென்டோனைட் (ஒருவகைக் களிமண்) குழம்பை நிரப்பி, கம்பிக்கூட்டை இறக்கி, ட்ரெமி குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் போடுவார்கள். குழம்பின் மட்டம் நிலத்தடி நீரைவிட ஒரு மீட்டராவது உயரமாக இருந்தால்தான் பள்ளத்தின் சுவர் நிற்கும். கான்கிரீட் போடும்போது ட்ரெமியின் நுனி குறைந்தது 2 மீட்டர் கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும். அதைச் சற்று அதிகமாக மேலே இழுத்துவிட்டால் சுவருக்குள் பென்டோனைட் பொதி மாட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் கழித்து உள்ளே மண் அள்ளும்போது தண்ணீர் அந்த இடத்தில்தான் பீறிடும்.

பிறகு மேல் தளத்தைப் போட்டுவிட்டு அதற்குக் கீழே மண்ணை எடுத்துக்கொண்டே இறங்குவார்கள். ஒவ்வொரு தளமும் சுவருக்கு முட்டுக் கொடுக்கும். நன்றாக முட்டுக் கொடுத்த சுவர்கூட ஆழத்தில் 0.1 முதல் 0.2 சதவீதம் வரை உள்ளே தள்ளும். உங்கள் கணக்குக்கு 18 முதல் 36 மி.மீ. வெளியே மண் இறங்குவது பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும். மெதுவாக வருவதால் கருவியில் தெரிந்துவிடும்.

என் பார்வையில் இதைவிட அஞ்ச வேண்டியது தண்ணீர். நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கீழுள்ள மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் பாரம் கூடுகிறது. களி அதை மாதக்கணக்கில் வாங்கி மெல்ல அமுங்கும். மணலில் பிரச்சினை வேறு. இரண்டு டி-வால் துண்டுகளின் இணைப்பில் கசிவு வந்து தண்ணீரோடு மணலும் உள்ளே போனால் வெளியே வெற்றிடம் உருவாகும். மேலே எதுவும் தெரியாது, ஒருநாள் திடீரென்று பள்ளம் விழும். களத்தில் கசிவைக் கண்டால் எவ்வளவு வருகிறது என்பதோடு என்ன நிறத்தில் வருகிறது என்றும் கேளுங்கள். தெளிந்த நீரை அடைக்க அவகாசம் உண்டு. கலங்கலாக வந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்தி கிரவுட் (சிமென்ட் குழம்பு) அடிக்க வேண்டும்.

கொத்துவேலை:
விரிசலுக்கு வருகிறேன். மாடியில் கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் ஓடுவது பெரும்பாலும் வெயிலில் கூரை விரிவதால் வருவது, மெட்ரோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போர்ட்டிகோ வீட்டோடு சேரும் இடத்தில் செங்குத்தாக இருந்தால் இரண்டுக்கும் அஸ்திவார ஆழம் வேறு என்று அர்த்தம். ஜன்னல், கதவு மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்போடு சாய்வாக ஏறுவதைத்தான் கவனிக்க வேண்டும், அது ஒரு பக்கம் மட்டும் இறங்குவதன் அடையாளம். ஓர் அடிக்குப் பூச்சைக் கொத்திப் பாருங்கள். செங்கல்லில் இல்லை என்றால் அது வெறும் பூச்சு வெடிப்பு.

1 மி.மீ. வரை பெயின்ட்டோடு போய்விடும். 5 மி.மீ. வரை பூசி அடைக்கலாம். அதைத் தாண்டினால் கதவு பிடிக்கும், குழாய் இணைப்பு விடும். 15ஐத் தாண்டினால் சுவரைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

இறக்கம் நிற்கும் முன்னால் பூசாதீர்கள். நிலையப் பெட்டி முடிந்து, டனல் இயந்திரமும் கடந்துபோய், மூன்று நான்கு மாதம் அளவு மாறாமல் இருந்த பிறகு பூசினால்தான் நிற்கும்.

அளவைநாடா:
அகலத்தைவிட அது மாறும் வேகம்தான் முக்கியம். விரிசலின் இருபுறமும் 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு கான்கிரீட் ஆணி அடித்து, வாரம் ஒருமுறை வெர்னியர் காலிப்பரில் காலை நேரத்தில் அளந்து தேதியோடு எழுதுங்கள். விரிசலின் நுனியில் பென்சில் கோடும் தேதியும் போடுங்கள்.

கட்டட நிலை ஆய்வு செய்ய வருவார்கள். அவர்கள் வரும்முன் நீங்களே ஸ்கேல் வைத்து ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து வையுங்கள். சன்ஷேடின் அடிப்பாகம், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், சம்ப்பின் உட்புறம் மூன்றும் விடுபடாமல் பாருங்கள். அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் நகலைக் கையோடு வாங்குங்கள். முன்பே இருந்த விரிசல் எது என்று பின்னால் நிரூபிக்க வேறு வழி கிடையாது.

சாய்வுக்கு 500இல் 1 என்பதைப் பொதுவான எல்லையாக வைப்பார்கள். 9 மீட்டர் நீள வீட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் 18 மி.மீ. வித்தியாசம்.

கிணற்று நீர்மட்டத்தையும் நாடாவில் போல்ட் கட்டி வாரம் ஒருமுறை அளந்து வாருங்கள். ஐப்பசி மழைக்கும் மே மாத வெயிலுக்கும் இயல்பாகவே ஏறி இறங்கும் என்பதால் அந்த ஏற்ற இறக்கம் முதலிலேயே கையில் இருக்க வேண்டும். வேலை நடக்கும்போது மழைக்காலத்தில் மட்டம் இறங்கினால் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள்.

உறைக்கிணறு:
நன்றி சார். நாளைக்கே ஆணி அடித்துவிடுகிறேன். பழைய போரை மூட வேண்டுமா, அப்படியே விடலாமா? 6 அங்குலக் கேசிங், 120 அடி.

மண்பரிசோதகர்:
அப்படியே விடவே கூடாது. இந்தப் பதிலை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். டனல் பொதுவாக 50 முதல் 80 அடி ஆழத்தில் போகும், உங்கள் போர் அதையும் தாண்டிக் கீழே போகிறது. இயந்திரம் முன்னால் உள்ள மண்ணை அழுத்தத்தில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நுரையைக் கலந்து வெட்டும். திறந்த போர் குறுக்கே வந்தால் அந்த நுரையும் சேறும் அது வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். அதைவிட மோசம், அழுத்தம் சட்டென்று போய்விடுவதால் முன்னால் உள்ள மண் சரியும். 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கியது, டனல் வேலைக்கு மேலே மண் தளர்ந்ததால்தான்.

போர் இருக்கும் இடத்தை வீட்டு மூலைகளிலிருந்து அளந்து, ஆழத்தையும் சேர்த்து எழுதி, திட்ட அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மூடும்போது மேலிருந்து ஜல்லியைக் கொட்டினால் நடுவில் அடைத்துக்கொள்ளும். குழாயை அடிவரை இறக்கி, சிமென்ட்-பென்டோனைட் கலவையைக் கீழிருந்து மேலாக நிரப்பி வர வேண்டும். கேசிங் இரும்பா பிவிசியா என்றும் சொல்லுங்கள். இரும்பு என்றால் வெட்டும் பற்களில் சிக்கும், அதனால் டனல் பாதையில் நேராக வந்தால் முன்கூட்டியே உருவச் சொல்வார்கள்.

கொத்துவேலை:
ஒன்று விட்டுப்போனது. அந்தக் காலத்து வீடு என்றால் சாக்கடை லைன் பீங்கான் குழாயாக இருக்கும். மண் 10 மி.மீ. இறங்கினாலே இணைப்பு விட்டுவிடும், கழிவுநீர் அஸ்திவாரத்தடியில் ஊறி, அது தனியாக ஒரு இறக்கத்தைக் கொண்டுவரும். சேம்பரின் வெளிவாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் பாருங்கள். இப்போதே மட்டம் இறங்கினால் தோண்டல் தொடங்குமுன் பிவிசிக்கு மாற்றிவிடுங்கள்.