கம்பளி உருண்டை இறுக மாட்டேங்குது, என்ன செய்ய?

ஊசிநூல்: அக்காமாரே, எங்க வீட்டுல சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரம். கண்ணாடி உருண்டை மாட்டினா வளைஞ்சிடும். அதான் உல்லன் நூல்ல பின்னுறேன். பஞ்சு அடைச்சதும் கண்ணி விரிஞ்சு வெள்ளையா தெரியுது. ஃபெல்ட் (அழுத்தி இறுக்கின கம்பளித் துணி) மாதிரி இறுகட்டும்னு வெந்நீர்ல தேய்ச்சேன், சுருங்கவே இல்ல.

மலைக்காரி: அது அக்ரிலிக்கா, அதாவது செயற்கை நூலா இருக்கும் தங்கச்சி. ஆட்டு ரோமத்துல நுண்ணிய செதில் உண்டு. சூடு, சோப்பு, தேய்ப்பு மூணும் சேர்ந்தா ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். அக்ரிலிக்ல செதிலே கிடையாது. சுருங்காம இருக்கப் பதப்படுத்தின ‘சூப்பர்வாஷ்’ கம்பளியும் உதவாது. விடுங்க, 4 மி.மீ. ஊசிக்குப் பதிலா 3 எடுங்க. பஞ்சை அதே நிறத் துணியில சுத்தி அடைங்க.

தையல்பெட்டி: நட்சத்திரத்துக்கு ஃபெல்ட் ஷீட்டே போதும். வெட்டின ஓரம் பிரியாது, மடிச்சுத் தைக்க வேண்டாம். ரெண்டு துண்டு வச்சு, ஓரத்தைச் சுத்திப் பிடிக்கிற பிளாங்கெட் தையல் போடுங்க. பசை மட்டும் வேண்டவே வேண்டாம், விறைச்சுக்கும்.

ஊசிநூல்: நூல்ல லேபிளே இல்லையே அக்கா?

மலைக்காரி: ஒரு துணுக்கை இடுக்கியில பிடிச்சுக் கொளுத்துங்க. கம்பளின்னா முடி கருகுற வாடை, சாம்பல் பொடியும். அக்ரிலிக்னா உருகி கெட்டியா உருண்டுக்கும்.