ரோட்டரி எஞ்சின்: ஆயில் பம்பை வைத்துக்கொள்ளவா, பெட்ரோலில் கலக்கவா?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் மஸ்டாவின் 13பி ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின்) கார் இருக்கிறது. போன வாரம் பானெட்டைத் திறந்தபோது, ஆயிலை அளந்து கொடுக்கும் மீட்டரிங் பம்பிலிருந்து, ரோட்டர் சுழலும் கூடான ரோட்டர் ஹவுசிங்குக்குப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை விரலால் லேசாக நகர்த்தினேன். காய்ந்த குச்சி மாதிரி உடைந்துவிட்டது. உள்ளே சொட்டு ஆயில்கூட இல்லை. எத்தனை நாளாக அந்த ரோட்டரின் முனைகளில் வாயு கசியாமல் அடைக்கும் அபெக்ஸ் சீல்கள் ஆயில் குறைவாக ஓடின என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

புதுக் குழாய்கள் போட்டுவிடலாம். வேகத்துக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் ஏற்ப பம்ப் தானே அளந்து கொடுக்கும், நான் கவனிக்க வேண்டியதில்லை. ஆனால் அது எடுப்பது எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பிலிருந்து வரும், ஓடி அழுக்கான எஞ்சின் ஆயில். எரிந்தால் கரி படியும். பம்பை அடைத்துவிட்டு, லிட்டருக்கு 5 முதல் 10 மில்லி வரை டூ ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலில் கலப்பவர்களும் உண்டு. சுத்தமாக எரியும், சரி. ஒரு தடவை கலக்க மறந்தால்? அந்தப் பயம்தான் என்னைத் தடுக்கிறது.

மூன்றாவது வழி, அடாப்டர் வைத்துத் தனி டேங்கிலிருந்து டூ ஸ்ட்ரோக் ஆயிலைப் பம்புக்கே கொடுப்பது. மனம் இதில்தான் நிற்கிறது.

இதைப் பொருத்தி நாள்பட ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? டேங்க் காலியாவதை எப்படிக் கண்காணிக்கிறீர்கள்? அப்புறம், எஞ்சினைப் பிரித்தவர்கள் சீல் தேய்மானம் எப்படி இருந்தது என்றும் சொல்லுங்கள். அதுவரை காரை எடுக்கப் போவதில்லை.