புத்தாண்டும் அரசாங்கமும்: உங்கள் அனுபவம் என்ன?

மதுரைக்காரன்:

வாழ்த்தெல்லாம் சொல்லி முடிச்சாச்சு, விஷயத்துக்கு வர்றேன். டிசம்பர் 31 ராத்திரி எனக்கும் மச்சானுக்கும் பெரிய வாக்குவாதம். அரசாங்கம் எதில் தலையிடணும், எதில் சும்மா இருக்கணும் என்பதுதான் பேச்சு. ரோடு, போலீஸ், கோர்ட் மூணையும் ஒழுங்காப் பார்த்தாலே போதும், மிச்சத்தை ஜனங்க பார்த்துக்குவாங்க என்பது அவன் கட்சி. ரேஷன் இல்லாமப் போயிருந்தா நம்ம தாத்தா பாட்டி எதைச் சாப்பிட்டிருப்பாங்க என்பது என் கட்சி. பன்னிரண்டு அடிச்சதுகூடத் தெரியலை.

கொள்கை விளக்கம் யாரும் எழுத வேண்டாம், அது டிவியில் தினமும் கிடைக்குது. புத்தாண்டு, பொங்கல் சமயத்தில் அரசாங்கம் உங்க பிழைப்புக்குள்ள வந்துபோன கதை இருந்தா சொல்லுங்க.

சிவகாசி அச்சகம்:

எங்க தொழிலுக்கு வருஷப் பிறப்பு ஜனவரியும் இல்லை, சித்திரையும் இல்லை. ஆடிப்பெருக்குதான். அன்றைக்குப் பூஜை போட்டு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை, அதாவது மாதிரிப் புத்தகத்தை, வெளியே விடுவோம். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார்கள். அப்புறம் அரசு விடுமுறைப் பட்டியலுக்காகக் காத்திருப்பு. அது வந்தால்தான் எந்தத் தேதி சிவப்பு, எது கறுப்பு என்று தினசரித் தாளை முடிவு செய்ய முடியும். அரசாங்கம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவே முடியாது, எங்கள் சரக்கில் பாதி அதன் வாயிலிருந்து வருகிறது.

2008 ஜனவரிக் கடைசியில் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. அந்த வருஷக் காலண்டர் அதற்கு முன்பே வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தைப் பொங்கல் தாளைக் கிழித்தும் போட்டாகிவிட்டது. அதனால் அந்த வருஷம் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. 2009 காலண்டருக்கு ஆர்டர் எடுக்கும்போதுதான் ஆரம்பித்தது.

ஒரே வாரத்தில் இரண்டு ஆர்டர். ஒருத்தர் ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவர். தலைவர் படம் பெரிதாக, தை 1 தாளில் 'தமிழ்ப் புத்தாண்டு' சிவப்பில் வேண்டும் என்றார். இன்னொருத்தர் நகைக்கடைக்காரர். சித்திரை 1 அன்றைக்குத்தான் அவர் கடையில் கூட்டம் வரும், அந்தத் தாளில் புத்தாண்டு என்று இல்லாவிட்டால் காலண்டரே வேண்டாம் என்றார். அட்டையைத்தான் ஆளுக்கு ஆள் மாற்றுவோம். தினசரித் தாள் எல்லாருக்கும் ஒன்றாக லட்சக்கணக்கில் ஓடும். ஆளுக்கொரு புத்தாண்டு அடித்துக் கட்டுப்படியாகாது.

எங்கள் கணக்குப்பிள்ளை ஒரு வழி சொன்னார். தையில் 'பொங்கல் திருநாள், திருவள்ளுவர் ஆண்டு பிறப்பு' என்று போடுவோம். சித்திரையில் அறுபது வருஷப் பெயரை மட்டும் போட்டு 'வருஷப் பிறப்பு' என்று விட்டுவிடுவோம், யாரும் குறை சொல்ல முடியாது என்றார். நல்ல யோசனைதான். ஆனால் 2009 ஏப்ரலில் பிறந்த வருஷத்தின் பெயர் விரோதி. மாதிரித் தாளைப் பார்த்த ஒன்றியக்காரர் போனில் பிடித்துக்கொண்டார்: "ஏண்ணே, எங்க சட்டம் போட்ட வருஷத்துக்கு விரோதின்னு பேர் வச்சிருக்கீங்க, இது யார் வேலை?" பிரபவ, விபவ என்று வரிசையாகச் சொல்லி, இது முறைப்படி வருவது என்று புரியவைப்பதற்குள் என் பேட்டரி தீர்ந்தது.

2011-ல் ஆட்சி மாறியது. ஆகஸ்டில் அந்தச் சட்டத்தை ரத்து செய்து சித்திரைக்கே திருப்பினார்கள். ஆல்பம் வெளியாகியிருந்தது, தாள் அச்சேறவில்லை. தப்பித்தோம்.

இதற்கு நடுவே எங்கள் வீட்டில் என்ன மாறியது என்றால் ஒன்றுமில்லை. சட்டம் இருந்த அந்த நான்கு சித்திரையிலும் அம்மா வேப்பம்பூ போட்டு மாங்காய்ப் பச்சடி செய்தார். கோயிலில் பஞ்சாங்கம் படித்தார்கள். டிவியில் ஒரு சேனல் 'தமிழ்ப் புத்தாண்டு சிறப்பு நிகழ்ச்சி' என்றது, இன்னொன்று 'சித்திரைத் திருநாள் சிறப்பு நிகழ்ச்சி' என்றது. இரண்டிலும் ஓடியது பட்டிமன்றமும் புதுப்படமும்தான்.

தைதான் சரி என்பவர்களின் வாதம் எனக்குத் தெரியும். அறுபது பெயரும் வடமொழி, சுழன்று சுழன்று வருவதால் வரலாற்றுக் கணக்குக்கு உதவாது, அறுவடையோடு வருஷம் பிறப்பதுதான் நம் மண்ணுக்குப் பொருந்தும் என்பார்கள். தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. ஆனால் அதைப் பேசிப் பேசி ஊரை ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். கை தூக்கிச் சட்டமாக்கினால் அடுத்த ஆட்சி கை தூக்கி எடுத்துவிடும். எடுத்தும் விட்டது. ரோட்டையும் சாக்கடையையும் அப்படித் திருப்பித் திருப்பி மாற்றினால்கூட ஒரு பயன் இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தான்:

அண்ணை, உங்கட சட்டம் எங்களைத் தொடேல்லை, நாங்கள் சித்திரையிலேயே இருந்திட்டம். ஆனா எங்களுக்கு வேற கூத்து. வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். மருத்துநீர் (தலையில வைச்சுக் குளிக்கிற மூலிகைத் தண்ணி) எப்ப வைக்கிறது, கைவிசேடம் (பெரியாக்கள் குடுக்கிற காசு) எப்ப குடுக்கிறது எண்டு அம்மம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒவ்வொரு வருசமும் சண்டை. அவர் திருக்கணிதக்காரன், தன்ர நேரத்துக்குத் தனியாக் குளிப்பார். சிங்கள ஆக்களுக்கு அரசாங்கத்தின்ர சுபநேரக் குழுவே அடுப்பு மூட்டுற நேரம் வரைக்கும் அறிவிக்கும். நாடே ஒரே நேரத்தில பால் பொங்க வைக்கும், பார்க்க வடிவாத்தான் இருக்கும். எண்டாலும் எங்கட வீட்டுச் சண்டையை நான் அதுக்கு மாத்திக் குடுக்க மாட்டன்.

முன்னாள் ரேஷன் கடை விற்பனையாளர்:

மதுரை அண்ணா, உங்க மச்சானைப் பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு ரேஷன் கடை வாசலில் நிக்க வைக்கணும். 2021-ல் பரிசுத் தொகுப்போடு 2,500 ரூபாய் கொடுத்தாங்க. 2022-ல் பணம் இல்லை, 21 பொருள் உள்ள பை. 2023-ல் ஆயிரம் ரூபாய், பச்சரிசி, சர்க்கரை, முழுக்கரும்பு. ஒவ்வொரு வருஷமும் ஜனங்க எங்ககிட்டத்தான் கேப்பாங்க, "இந்த வாட்டி எவ்வளவும்மா?" ஏதோ நான் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

எங்க கடைக்குச் செங்கல் சூளையில் வேலை பார்க்கிற அக்கா ஒருத்தங்க வருவாங்க. கல் அறுத்து அறுத்து விரலில் ரேகையே தேஞ்சு போச்சு. மெஷினில் வைச்சா சிவப்பு லைட்தான் எரியும். கையைச் சேலையில் துடைச்சு, எண்ணெய் தொட்டு, பத்து விரலையும் மாத்தி மாத்தி வைப்பாங்க. பின்னால் வரிசை கத்தும். கடைசியில் அவங்க மகன் போனுக்கு ஓடிபி அனுப்பி, அவன் வேலை செய்யற இடத்திலிருந்து நம்பரைச் சொல்லி, அப்புறம்தான் பை கைக்கு வரும். அன்றைய கூலி போச்சு. அந்த ஆயிரம் ரூபாயில் பாதியை வரிசையிலேயே விட்டுட்டுப் போறாங்கன்னு வைச்சுக்கோங்க.

அதுக்காக அரசாங்கம் கொடுக்கவே கூடாதுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அந்தப் பச்சரிசியில்தான் அவங்க வீட்டுப் பொங்கல். எனக்கு வேண்டியது கொஞ்சம் குறைவான ரேகை, கொஞ்சம் குறைவான டோக்கன், பையில் யார் படமும் இல்லாமல் இருக்கிறது.

கும்பகோணம் பெரியவர்:

அப்பா நெல் வியாபாரி. மாவட்டம் விட்டு மாவட்டம் நெல் போக பர்மிட் வேண்டியிருந்த காலத்தைப் பற்றி நிறையச் சொல்லுவார். 1952-ல் ராஜாஜி முதலமைச்சராக வந்து கொஞ்ச நாளிலேயே உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் தெய்வம். 1959-ல் பர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சி வேண்டாம் என்று அவர் சுதந்திராக் கட்சி தொடங்கியபோது எங்கள் வீட்டுத் திண்ணைதான் வாசகசாலை. 1967 தேர்தலில் எனக்கு ஓட்டு வயசு வரவில்லை, அப்போது ஓட்டுப் போட 21 வயசு ஆகியிருக்க வேண்டும். ஆனால் சுவரெல்லாம் நட்சத்திரச் சின்னம் வரைந்தேன். காவி கரைத்த கொட்டாங்குச்சியும் தென்னம்பாளை மட்டையும்தான் சாமான். ஐந்து முனையும் ஒரே அளவில் வராமல் அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். நாடாளுமன்றத்தில் அந்தக் கட்சிக்கு 44 இடம் கிடைத்தது, அதன் உச்சம் அதுதான்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அரசாங்கம் அளவோடு இருக்க வேண்டும் என்ற கட்சி, இங்கே ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொன்ன தி.மு.க.வோடு கூட்டணி. அதே ராஜாஜிதான் 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரியும் போட்டார். ஒருத்தன் எதைக் குடிக்கலாம் என்பதில் அரசு தலையிடலாம், எங்கே நெல் விற்கலாம் என்பதில் கூடாது. அப்பாவிடம் இதைக் கேட்டேன். "அது வேற, இது வேற" என்றார். இன்றைக்கு 2003-லிருந்து அரசாங்கமே சில்லறை மதுக்கடை நடத்துகிறது. டிசம்பர் 31 அன்று அங்கே நிற்கிற வரிசையைப் பார்த்தால் ராஜாஜி எதை முதலில் கண்டித்திருப்பார், குடியையா, அரசு வியாபாரத்தையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முன்னாள் ரேஷன் கடை விற்பனையாளர்:

ஐயா, ஒரு கேள்வி. 52-ல் கட்டுப்பாடு போனதும் அரிசி விலை ஏறலையா?

கும்பகோணம் பெரியவர்:

ஏறியிருக்கும் அம்மா. வியாபாரி பிள்ளை நான், ஏறவில்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன். அப்பா விற்றவர், அவர் சொன்ன கதை அது. அந்த வருஷம் வாங்கியவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால் அவர்கள் எழுதட்டும்.