சட்ட உதவிப் பணியில் சேர்ந்துகொண்டே கல்லூரி கிளினிக்குக்கும் கைகொடுக்க முடியுமா?

கேள்வி: கீழ்கோர்ட்_ஜூனியர்

வக்கீலாக என்ரோல் (பார் கவுன்சிலில் பதிவு) ஆகி இரண்டாவது வருடம். கிரிமினல் பக்கம் ஜூனியராக இருக்கிறேன், ஏஐபிஇ (அகில இந்திய பார் தேர்வு) தேறியாயிற்று. இலவச சட்ட உதவிப் பணிக்கே போய்விடலாம் என்று எண்ணம். இந்தப் பக்கம் திருப்பிவிட்டவர் கல்லூரியில் சட்ட உதவி கிளினிக்கை (மாணவர்கள் இலவசமாகச் சட்ட உதவி செய்யும் மையம்) கவனிக்கும் பேராசிரியர். அவருக்குச் சால்வை போர்த்துவதோடு நிறுத்தாமல் கிளினிக்குக்குப் பயன்படும்படி ஏதாவது செய்ய வேண்டும். எந்தப் பதவிக்கு விண்ணப்பிப்பது? சேர்ந்தபின் கிளினிக்குக்குப் போகலாமா?

பதில்: மன்றத்_திண்ணை

பேனல் வக்கீல் (ஆணைக்குழுவின் பட்டியலில் இருந்து கேஸ் கேஸாக அமர்த்தப்படுபவர்) ஆக, 2010 நால்சா (தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு) விதிமுறைப்படி 3 வருட அனுபவம் வேண்டும், அதனால் அது இப்போதைக்கு இல்லை. லீகல் எய்ட் டிஃபென்ஸ் கவுன்சில் (குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாக வாதாடும் முழுநேர வக்கீல்) திட்டத்தில் உதவி நிலைக்குப் போகலாம். 2022 திட்டப்படி அதற்கு கிரிமினல் அனுபவம் 0 முதல் 3 வருடம், துணை நிலைக்கு 7, தலைமை நிலைக்கு 10. அறிவிப்பு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வரும். கோர்ட் வளாக நோட்டீஸ் போர்டையும் இ-கோர்ட்ஸ் மாவட்டத் தளத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

முதலில் 2 வருட ஒப்பந்தம், பிறகு வருடாவருடம் நீட்டிப்பு. முழுநேர வேலை, தனிக் கேஸ் எடுக்கக் கூடாது. கையில் இருக்கும் வக்காலத்துகளைச் சேருவதற்கு முன்பே மாற்றிக்கொடுத்துவிடுங்கள். பழைய கட்சிக்காரருக்காக ஒரே ஒரு வாய்தாவுக்கு ஆஜரானாலும் புகார்தான் வரும். இதில் கிரிமினல் வழக்குகள் மட்டுமே. ஜீவனாம்சம், சொத்து மாதிரியானவை பேனலுக்குப் போகும்.

சிவில் ஜட்ஜ் தேர்வும் மனதில் இருந்தால், 20.5.2025 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி 3 வருட பிராக்டிஸ் கட்டாயம். அது தற்காலிக என்ரோல்மென்ட் தேதியிலிருந்தே கணக்காகும்.

பதில்: வக்காலத்து

கிளினிக் விஷயத்துக்கு வருகிறேன். பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் சட்ட உதவி கிளினிக் இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் முழுநேரச் சம்பளம் வாங்கும் பேராசிரியர் ஆஜராக முடியாது, மாணவர் வக்காலத்தில் கையெழுத்துப் போட முடியாது. மனு அழகாகத் தயாராகும், கோர்ட் வாசலோடு நின்றுவிடும். அங்கே குறைவது என்ரோல் ஆன பழைய மாணவர்தான். பேராசிரியரிடம் கேட்டால் அவரும் இதைத்தான் முதலில் சொல்வார். மாட் கோர்ட் (மாதிரி நீதிமன்றப் போட்டி) கோப்பை, நினைவுப் பரிசெல்லாம் இதற்குப் பிறகு.

வக்கீல் ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேற்படாமல் சட்டம் கற்பிக்க மத்திய அரசின் 1979 விதி இடம் தருகிறது. ஆனாலும் டிஃபென்ஸ் கவுன்சிலாகச் சேர்ந்தபின் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு, சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். அங்கே விசிட்டிங் கார்டு நீட்டக் கூடாது. வக்கீல் விளம்பரம் செய்வதையும் கேஸ் பிடிப்பதையும் தடுக்கும் பார் கவுன்சில் விதி 36 அங்கேயும் உண்டு.

கிளினிக்கில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று. வருகிற எல்லோரிடமும் வருமானச் சான்றிதழ் கேட்கிறார்கள். 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிரிவு 12-ன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்கத் தேவையே இல்லை. வருமானத்தை வைத்துத் தகுதி பெறுபவருக்கும் பிரிவு 13-ன்படி அபிடவிட் (பிரமாணப் பத்திரம்) போதும், சந்தேகம் இருந்தால்தான் மேலே கேட்கலாம். இது தெரியாமல் ஒரு பெண்ணைத் தாலுகா ஆபீசுக்கு அலையவிட்டால் அவர் திரும்பி வரமாட்டார்.

பதில்: ரிமாண்ட்_மேசை

மேலே சொன்னதோடு, மாணவர்களிடம் இந்த வேலையைக் கொடுங்கள். சிறைக் கிளினிக்கில் (சிறைக்குள் இயங்கும் சட்ட உதவி மையம்) இருந்து வரும் விவரத்தை வைத்து ஒவ்வொரு விசாரணைக் கைதிக்கும் ஒரு வரி: முதல் ரிமாண்ட் தேதி, பிரிவுகள், அதிகபட்சத் தண்டனை, குற்றப்பத்திரிகை வந்ததா, வேறு வழக்கு உண்டா.

பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1.7.2024 முதல்) 187(3) டிஃபால்ட் ஜாமீனுக்கு (குற்றப்பத்திரிகை கெடுவுக்குள் வராவிட்டால் கிடைக்கும் ஜாமீன்) 60 அல்லது 90 நாள் கணக்கில் ரிமாண்ட் செய்த நாளையும் சேர்க்க வேண்டும் (2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு). நாள் முடிந்தும் குற்றப்பத்திரிகை வராவிட்டால் மறுநாளே மனு போடுங்கள். மனுவுக்கு முன் அது தாக்கலாகிவிட்டால் உரிமை போய்விடும்.

பிரிவு 479-ல் அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம், முன்பு தண்டனையே பெறாதவர் மூன்றில் ஒரு பங்கு காலம், விசாரணைக் கைதியாக இருந்துவிட்டால் ஜாமீன். 1.7.2024-க்கு முந்தைய வழக்குகளுக்கும் பொருந்தும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்குக் கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் 479(2) தடுக்கும். மாணவர் பட்டியலில் கோட்டைவிடும் இடம் இதுதான்.

கீழ்கோர்ட்_ஜூனியர்: ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்களுக்கு?

ரிமாண்ட்_மேசை: அதற்குப் பட்டியலில் தனிக் கட்டம் வையுங்கள். 2023 ஜனவரி உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 7 நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். நடைமுறையில் யாராவது மெமோ (கோர்ட்டுக்குச் சுருக்கமான எழுத்து) போட்டால்தான் நகரும். மெமோவின் வரைவை மாணவர் எழுதட்டும், பேராசிரியர் திருத்தட்டும், தாக்கல் செய்வது உங்கள் வேலை.