ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டேகர்ஸ் கடைசி சண்டைல திடீர்னு பனி எப்படி வந்துச்சு?

கேள்வி:
சீன டைரக்டர் ஜாங் யிமூவோட இந்தப் படத்த (2004) நேத்து ராத்திரி மறுபடி பாத்தேன். படம் பாக்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க, முடிவப் பத்திதான் பேசப் போறேன். மெய்ங்கற ஒரே பொண்ண காதலிக்கிற ஜின்னும் லியோவும் சண்டைய ஆரம்பிக்கும்போது மரத்துல மஞ்சளும் செவப்புமா இலை அப்படியே நிக்குது, நாலு வீச்சு வீசுறதுக்குள்ள பனி கொட்ட ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல தரையே வெள்ளையாயிடுது. இது கன்டினியூட்டி தப்பா (ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் ஒட்டாமப் போறது) இல்ல வேணும்னே பண்ணதா? எனக்கு அந்த இடத்துல அழுகையே வந்துடுச்சு, அதனால தப்புன்னு ஒத்துக்க மனசு வரல.

பதில் 1:
தப்பும் இல்ல, முதல்லயே போட்ட பிளானும் இல்ல. கதை நடக்குறது தாங் வம்சத்துச் சீனாவுல, கி.பி. 859ல. ஆனா அந்த வெட்டவெளியும் காடும் உக்ரைன்ல ஷூட் பண்ணது. அங்க அக்டோபர்லயே எதிர்பாக்காம பனி விழுந்துடுச்சு, மரத்துல இலை இன்னும் உதிரவே இல்ல. நிறுத்தி வச்சு காத்திருக்காம ஜாங் யிமூ அந்தப் பனியவே காட்சிக்குள்ள எடுத்துக்கிட்டார். ஒளிப்பதிவு ஜாவோ ஷியாவ்டிங், ஆஸ்கார் நாமினேஷன் வாங்கினவர், அந்த வெள்ளைல ரத்தம் எப்படித் தெரியுதுன்னு கவனிச்சுப் பாருங்க.

பதில் 2:
எனக்கு முழுசா ஒட்டல. கலர் எல்லாம் பிரமாதம், எமி வாடா பண்ண உடைங்க கண்ணுலயே நிக்குது, ஆனா யாரு யாரோட ஆளுங்கறது மூணு தடவ மாறும்போது பாக்குறவங்களுக்கு நம்பிக்கை போயிடுது. அரசாங்கத்துக்கும் ஃப்ளையிங் டேகர்ஸ்ங்கற புரட்சிக் கூட்டத்துக்கும் நடக்கப்போற பெரிய சண்டைய கடைசி வரைக்கும் காட்டவே இல்லையே? கூட்டத்தோட தலைவியா ஹாங்காங் நடிகை அனிட்டா முய் நடிக்க இருந்தாங்க, அவங்க காட்சிய எடுக்குறதுக்கு முன்னாடியே 2003 டிசம்பர்ல இறந்துட்டாங்க. வேற யாரையும் போடாம கதைய மாத்தி, படத்தையே அவங்களுக்கு சமர்ப்பணம் பண்ணிட்டாங்க. அந்த முடிவ நான் மதிக்கிறேன், ஆனாலும் கதைல ஒரு ஓட்டை இருக்கறது தெரியுது.

பதில் 3:
பெரிய சண்டைய காட்டாததுதான் சரின்னு எனக்குத் தோணுது, ஏன்னா அதுக்குள்ள நமக்கு அந்தப் போர் முக்கியமில்லாமப் போயிடுது, இந்த மூணு பேரும் என்ன ஆவாங்கங்கறதுதான் மனசுல ஓடுது. லியோ மெய்கிட்ட கேக்கறது ஞாபகம் இருக்கா, மூணு வருஷம் உனக்காகக் காத்திருந்தேன், மூணே நாள்ல அவன் மேல எப்படிக் காதல் வந்துச்சுன்னு. அந்தக் கேள்விக்கு அவகிட்ட பதில் இல்ல. காலக் கணக்கே உடைஞ்சுபோன கதை இது, அதுல ஒரே சண்டைக்குள்ள பருவம் மாறினா எனக்குத் தப்பாவே தெரியல.

இன்னொண்ணு, இந்தப் படத்த கண்ணால பாத்தா மட்டும் பத்தாது, ஹெட்போன் போட்டுப் பாருங்க. ஆரம்பத்துல வர்ற முரசு ஆட்டத்துல லியோ ஒரு பயறு மணிய சுண்டி விடுவான், அது எந்த முரசுல பட்டுச்சோ அந்தச் சத்தத்த மட்டும் வச்சு கண்ணு தெரியாதவளா நடிக்கிற மெய் தன்னோட நீளமான கைத்துணிய வீசி அதே முரச அடிப்பா. அப்புறம் ரெண்டு மூணுன்னு கூடிக்கிட்டே போயி கடைசில கிண்ணத்தோட மொத்தமா வீசுவான் பாருங்க, அங்க நான் மூச்சு விட மறந்துட்டேன். மூங்கில் காட்டுச் சண்டையும் அப்படித்தான், ஆளுங்க தெரியறதுக்கு முன்னாடியே தலைக்கு மேல மூங்கில் வளையிற சத்தம் வந்துடும்.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. மூணு நாள் மூணு வருஷம் விஷயத்த நான் இப்படி யோசிக்கவே இல்ல. இப்பதான் அந்தக் கடைசிக் காட்சிய மட்டும் திரும்பப் போட்டுப் பாத்தேன். லியோ கத்திய வீசுற மாதிரி கைய மட்டும்தான் அசைக்கிறான், பறந்து வர்றது அவன் கைல இருந்த ஒரு சொட்டு ரத்தம். ஆனா மெய் அதுக்குள்ள தன் நெஞ்சுல இருந்த கத்திய உருவி எறிஞ்சுட்டா. ஜின் அவள மடில வச்சுக்கிட்டு, அவ முதல்ல பாடின பாட்ட பாடுறான், லியோ பனிக்குள்ள தள்ளாடிப் போயிட்டே இருக்கான். ஹெட்போன் போட்டு முழுசா இன்னொரு தடவ பாத்துட்டு வரேன்.