பெரியவீட்டுச் சொந்தங்கள் (குரூப்)

ரேவதி: தீபாவுக்கு நேத்து ராத்திரி லேசா ரத்தம் பட்டிருக்கு. 22 வாரம். டாக்டர் கர்ப்பப்பை வாயில புண்ணுன்னாங்களாம். வளைகாப்ப தள்ளிப் போடணுமா?

கண்ணன்: புண்ணா?? கேன்சரா இருக்கப் போகுது

சரசு: வாயக் கழுவுங்க

(கண்ணன் இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்)

சுமதி: எல்லாரும் படிச்சாச்சு மாமா. புண்ணுங்கிறது பழக்கத்துல வந்த பேரு. கர்ப்பத்துல ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் ஏறினதும் கர்ப்பப்பை வாய்க்கு உள்பக்கத் தோல் வெளியே புரண்டு வரும். ஒரே அடுக்கு செல்லுங்கறதால செவப்பா தெரியும், பட்டா கசியும். ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தாக்கூட மறுநாள் படும். வைத்தியமே தேவையில்ல.

ரேவதி: மாப்பிள்ளை குரூப்ல இருக்காரு சுமதி

சுமதி: அவருக்குத்தான் முதல்ல தெரியணும்

தீபா: சித்தி, சீட்டுல "பாலிப்"னு இருக்கு. அம்மா சரியா கேக்கல

சரசு: 27 ஞாயிறு, மண்டபம் காலியா இருக்காம்

சுமதி: அது வேற. சின்ன சதை வளர்ச்சி, மாதுளை முத்தாட்டம் காம்புல தொங்கும். ஸ்பெக்குலம்னு உள்ள விரிச்சுப் பார்க்கிற கருவி வச்சாத்தான் தெரியும். இப்ப முறுக்கி எடுக்கச் சொல்லி நிக்காதீங்க. கர்ப்பத்தால தடிச்ச உள்சவ்வே சில சமயம் இப்படி இறங்கி நிக்கும், காம்பு எங்க முடியுதுனு கீழருந்து தெரியாது. இழுத்தா ரத்தம் போகும், கிருமி ஏறும். ரத்தம் நிக்காட்டியோ, பார்க்கவே சந்தேகமா இருந்தாலோதான் எடுப்பாங்க. தீபா, ஸ்கேன்ல நஞ்சுக்கொடி எங்க?

தீபா: பின்பக்கம், மேலே

சுமதி: நல்லது. நஞ்சுக்கொடி கீழ இருந்தா விரல் விட்டுப் பார்க்கவே கூடாது. கர்ப்பப்பை வாய் நீளம்?

தீபா: 34 மிமீ

சுமதி: 25க்குக் கீழ போனாத்தான் கவலை. பாப் ஸ்மியர்னு கர்ப்பப்பை வாய்ச் செல்லத் தடவி எடுத்து டெஸ்ட் பண்ணினா, பாரத்துல கர்ப்பிணினு எழுதச் சொல்லு. இல்லாட்டி லேப்ல கர்ப்பகால செல்லப் பார்த்துட்டு தப்பா எழுதிருவாங்க

கண்ணன்: சாப்பாடு 150 போதுமா? போன தடவை ரசமே பத்தல

சரசு: அது யாரு பொறுப்புனு ஊருக்கே தெரியும்

சுமதி: தீபா, உன் ரத்தப் பிரிவு?

தீபா: ஓ நெகட்டிவ்

பிரபு: நான் பி பாசிட்டிவ் சித்தி

சுமதி: அத முதல்ல சொல்லக் கூடாதா! அம்மா நெகட்டிவ், குழந்தை அப்பா மாதிரி பாசிட்டிவ்னா, அம்மா உடம்பு குழந்தை ரத்தத்த எதிர்க்க ஆரம்பிச்சிரும். அதத் தடுக்கிற ஆன்டி-டி ஊசி போட்டாச்சா? ரத்தம் பட்டதுலருந்து 72 மணி நேரத்துக்குள்ள போடணும்

தீபா: யாரும் சொல்லலயே

சுமதி: இன்னிக்கே போய்க் கேளுங்க. நடுவுல மணிக்கு ஒரு பேட் நனைஞ்சாலோ, வயிறு இறுக்கிப் பிடிச்சாலோ, பனிக்குடத் தண்ணி கசிஞ்சாலோ நேரா லேபர் வார்டு

பிரபு: கிளம்பிட்டோம்

சரசு: அப்ப 27தானே?

ரேவதி: அவங்க வரட்டும்க்கா

கண்ணன்: 200ஆ சொல்லிடுறேன்